கந்தகக் கோணியும் காலடிப்பேட்டை மல்லியும்

போன சனிக்கிழமை சாயங்காலம் திருவொற்றியூரில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் விவசாய லெக்சர். மாஜிக் லாந்தர் படம் உண்டு என்று நோட்டீஸில் போட்டிருந்தார்கள். அதனால் கூட்டம்.

எனக்கும் விவசாயத்துக்கும் என்ன சம்பந்தம்? நான் குடியிருக்கும் வீட்டில் ஒரே ஒரு துளசிச் செடி. அதுவும் வீட்டுக்காரருடையது. ஆனாலும் போனேன். மாஜிக் லாந்தர் என்றால் எனக்கு இருப்புக் கொள்ளாது - பழைய வாசகர்களுக்கு இது தெரியும்.

பேசியவர் ஓர் இளைஞர். திரையில் ஓர் இலை தெரிந்தது. இலைமேல் சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள். செடிப்பேன் என்றார். தலையில் ஊர்கிற பேன் இல்லை. இது எட்டுக் கால், சிலந்திக்கு ஒன்றுவிட்ட தம்பி. இலையின் அடியில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சிச் செடியையே தீய்த்துவிடும். அடுத்த படத்தில் அதே பேன்களின்மேல் வெள்ளை வெள்ளையாகப் பூசணம். “இந்தப் பூசணம் பேனைக் கொல்கிறது. செடியை ஒன்றும் செய்வதில்லை. ஆகவே இதை நாமே வளர்த்துப் பயிர்மேல் விடலாம்” என்றார்.

ஹால் முழுக்கச் சிரிப்பு. ஊறுகாய் ஜாடியில் பூசணம் பூத்தால் வீட்டில் பெரிய ரகளையே நடக்கிற ஊர் இது. அதைப் போய் வளர்க்கச் சொன்னால் சிரிக்க மாட்டார்களா?

நான் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்த ரயில்வே ஆசாமி என்னைத் திரும்பிப் பார்த்தார். “இன்னா சார், கண்ணுல தூசியா?” என்றார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். வேறு என்ன சொல்வது?

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி மாதம் தவறாமல் கேட்டு எழுதுகிறார் - உங்கள் பத்தியில் ஊரார் எல்லாரும் வருகிறார்கள், உங்கள் சம்சாரம் மட்டும் வருவதே இல்லையே என்று. அம்மா, இருந்தால்தானே வருவாள்? ஏன் இல்லை என்று இந்த வாரம் சொல்லிவிடுகிறேன். பதிலில் பேனும் பூசணமும் நிறைய வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பதிமூன்று வருஷம் ஆகிறது. அப்போது நான் பத்திரிகைக்காரன் இல்லை. ஹார்பரில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளைப் பார்த்துப் பார்த்து நோட்டில் கோடு போடுகிற வேலை. நாலு கோடு நின்றால் அஞ்சாவது குறுக்கே. நாள் முழுக்க அதுதான். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவனுக்கு ஹார்பரில் வேலை என்றால் ஊரில் என்ன பெருமை! கோடு போடுகிற வேலை என்று நான் யாருக்கும் சொல்லவில்லை.

ஜாகை காலடிப்பேட்டையில், ஓர் ஒற்றை அறை. காலையில் திருவொற்றியூர் ஸ்டேஷனில் ரயில் ஏறி ராயபுரத்தில் இறங்குவேன். சாயங்காலம் அதே வழியில் திரும்புவேன். ஸ்டேஷனுக்கும் அறைக்கும் நடுவில் ஒரு மல்லித் தோட்டம். குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்தவர் முனுசாமி. அவருக்கு மனைவி இல்லை. மகன் ரங்கூனில் அரிசி மில்லில் வேலை. கூட இருந்தது மகள் கன்னியம்மா மட்டும்தான்.

முதல் நாள் நான் வேலியோரம் சும்மாதான் நின்றேன். அவள் மொட்டுப் பறித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, “இன்னா, பூவு வேணுமா, வேடிக்கை பார்த்துகினு நிக்கிறீங்களா?” என்றாள். பூ வேண்டும் என்றேன். யாருக்கு என்றாள். சாமிக்கு என்றேன். என் அறையில் சாமி படமே கிடையாது.

மறுநாளும் சாமிக்கு. அதற்கு மறுநாளும். ஒரு வாரம் கழித்து, “சாமி ரொம்பத்தான் பூ கேக்குது” என்றாள். முனுசாமி வரப்பில் உட்கார்ந்தபடி சிரித்தார். அதற்குப் பிறகு நான் பூ வாங்காமலே உள்ளே போய் உட்காரலாம் என்றாகிவிட்டது. என்ன வேலை என்று விசாரித்தார்கள். சொன்னேன். அன்றிலிருந்து அவளுக்கு நான் டாலிக்காரர், அவருக்கு நைனா.

அவள் பேச்சைக் கேட்டு ஆரம்பத்தில் நான் சிரித்திருக்கிறேன். கீது, துன்னுது, வூடு... திருநெல்வேலிக் காதுக்கு அது விநோதமாக இருந்தது. மூன்று மாதத்தில் ஆபீசில் நானே “அந்த நோட்டு எங்கே கீது?” என்று கேட்டேன். ஹெட் கிளார்க் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

ஆசை இருந்ததா என்று கேட்காதீர்கள். இருந்தது. சொன்னேனா என்றும் கேட்காதீர்கள். ஊரில் தங்கைக்குத் தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அது முடியட்டும், பிறகு முனுசாமியிடம் முறைப்படி கேட்கலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதுவரை தோட்டம் எங்கே ஓடிவிடப் போகிறது?

அந்தப் பங்குனியில் பேன் வந்தது.

முதலில் இலையெல்லாம் புழுதி படிந்தாற்போல் மங்கிற்று. பிறகு செம்பு நிறம். மொட்டுகள் கடுகு போல் நின்று உதிர்ந்தன. முனுசாமி யாரோ சொன்னதைக் கேட்டுக் கந்தகத் தூள் வாங்கித் தூவினார். பேன் குறைந்தது வாஸ்தவம். ஆனால் பங்குனி வெயிலில் கந்தகம் இலையைக் கருக்கிவிட்டது. மிஞ்சிய பூவைக் கோயில் வாசல் பூக்கடைக்கு எடுத்துப் போனால் கடைக்காரர் மோந்து பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். சாமிக்குத் தீப்பெட்டி வாசனையில் மாலையா என்று கேட்டாராம். அதோடு தோட்டத்தில் கந்தகம் நின்றது. இரண்டு வாரத்தில் பேன் திரும்பி வந்தது.

முனுசாமி ஒரு முடிவு சொன்னார். ஆடி முடிவதற்குள் செடி தெளிந்து மொட்டு வைத்தால் இருப்பது. இல்லையென்றால் குத்தகையை விட்டுவிட்டு, மகளையும் அழைத்துக்கொண்டு ரங்கூனுக்குக் கப்பல் ஏறுவது. மகன் வா வா என்று எழுதிக்கொண்டே இருந்தான்.

தை எங்கே, ஆடி எங்கே? அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. செடி பிழைத்தால் போதும், எல்லாம் தானாக நடக்கும் என்று நினைத்தேன். என் வாயால் ஆக வேண்டிய காரியத்தை மல்லிச் செடியின் தலையில் கட்டிய மகானுபாவன் நான்!

ஆனிக் கடைசியில் இரண்டு நாள் எதிர்பாராத மழை. மூன்றாம் நாள் சாயங்காலம் நான் போனபோது கன்னியம்மா கிணற்றங்கரையில் ஒரு செடியண்டை குந்தியிருந்தாள். கிணற்றுத் தண்ணீர் வழிந்து எப்போதும் ஈரமாக இருக்கிற இடம் அது. ஓர் இலையைத் திருப்பிக் காட்டினாள். அடியில் வெள்ளையாகப் பொடிப் பஞ்சு ஒட்டியிருந்தது. இன்னொரு நோயா என்று கேட்டேன்.

“இல்ல. நல்லா பாருங்க. பூசணம் பேனுமேல பூத்துகீது. இது பேனைத் துன்னுது, செடியைத் துன்னல” என்றாள்.

அவள் எழுதப் படிக்கத் தெரியாதவள். லென்ஸ் கிடையாது, லெக்சர் கிடையாது. இரண்டு நாள் குந்திப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். போன சனிக்கிழமை ஹாலில் இருந்தவர்கள் சிரித்தபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

விவசாய இலாகா டெமான்ஸ்ட்ரேட்டர் ஒருவர் அந்தப் பக்கம் சைக்கிளில் வருவார். அவரைப் பிடித்துக்கொண்டு வந்தேன். லென்ஸ் வைத்துப் பார்த்தவர் தொப்பியைக் கழற்றிவிட்டார். சீமையில் இப்படிப் பூசணத்தை விட்டுப் பூச்சியைக் கொல்லப் பார்க்கிறார்கள் என்று படித்திருக்கிறாராம். கண்ணால் காண்பது அன்றுதான் முதல் தடவை. கன்னியம்மாவைப் பார்த்து, “நீ கண்டுபிடிச்சியாம்மா?” என்று இரண்டு தரம் கேட்டார். அவள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

யோசனை சொன்னார். பூசணம் பூத்த இலைகளைப் பறித்துக் கஞ்சித் தண்ணீரில் கசக்கிச் சாயங்காலத்தில் மற்றச் செடிகள்மேல் தெளிக்க வேண்டும். பூசணத்துக்கு உயிர் ஈரம்தான். ஆகவே பொழுது சாய்ந்ததும் நனைத்த கோணியால் செடியை மூடி, காலையில் எடுத்துவிட வேண்டும். ஒன்றே ஒன்று - கந்தகத் தூள் மட்டும் கிட்டே வரக் கூடாது. பேனுக்கு முன்னால் பூசணம் செத்துவிடும். பலிக்கும் என்று அவர் சத்தியம் செய்யவில்லை. பார்க்கலாம் என்றார்.

கோணிக்கு எங்கே போவது என்று முனுசாமி யோசித்தார். எனக்கு அன்று பிறந்தது பார்த்தீர்களா ஓர் உற்சாகம்... ஹார்பர்காரனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கோணிக்குக் கவலையா?

ஹார்பர் பக்கத்தில் கோணி இல்லாமல் ஒரு குடும்பமும் நடக்காது. வாசலுக்குப் படுதா கோணி, மழைக்குத் தலையில் கொங்காணி கோணி, படுக்கவும் கோணி. அதனால்தான் அரிசிக் கோணி, கோதுமைக் கோணி எல்லாம் காலியாகும் முன்பே ஆள் சொல்லிவைத்திருப்பார்கள். யாரும் சீந்தாமல் கிடப்பது ஒன்றுதான் - கந்தகக் கோணி. உடம்பில் பட்டால் அரிக்கும்.

அந்த மாதம் என்னைப் போட்டிருந்ததும் கந்தகக் கப்பலில்தான். காலையிலிருந்து சாயங்காலம் வரை மஞ்சள் புழுதி. சட்டைக் காலர், தலைமயிர், நோட்டு எல்லாம் மஞ்சள். பத்து நாளில் என் மூக்குக்கு அந்த வாசனையே தெரியாமல் போயிற்று. ரயிலில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள்தான் எழுந்து போவார்கள்.

கந்தகக் கோணியைத்தான் கொண்டுபோனேன். ஒளித்துக் கொடுக்கவில்லை. இது கந்தகக் கோணி, தட்டி உதறி, தண்ணீரில் இரண்டு தரம் நன்றாகக் கசக்கி அலசிவிட்டுப் போடு என்று சொல்லியே கொடுத்தேன். சரி என்று தலையாட்டினாள். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கைவண்டியில் அனுப்பியிருக்கலாம். நான் தினம் ஆறு ஆறாகக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனேன். ஏன் என்று வாசகர்களுக்கு விளக்க வேண்டுமா?

அந்தச் சாயங்காலங்களை இப்போது நினைத்தாலும் நெஞ்சை என்னவோ செய்கிறது. முனுசாமி தண்ணீர் இறைப்பார். அவள் வேப்பங்கொத்தால் கஞ்சித் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே முன்னால் போவாள். நான் கோணியை நனைத்து மூடிக்கொண்டே பின்னால் போவேன். எண்ணூர்ப் பக்கமிருந்து காற்று வரும். அவ்வளவுதான். பேச்சு ஒன்றும் பெரிதாகக் கிடையாது. கடைசி வரிசையில் ஒரு செடிக்குக் கோணி போதவில்லை. அதற்குத் தன் பழைய நூல் புடவை ஒன்றை நனைத்துப் போர்த்தினாள். நாளைக்கு ஒரு கோணி கொண்டு வருகிறேன் என்றேன். மறந்துவிட்டேன்.

மூன்று வாரம். பேன் சாகவில்லை.

கோணிக்கு அடியில் ஒரு வெள்ளைப் புள்ளி கிடையாது. சிவப்பு மட்டும் நன்றாகச் செழித்திருந்தது. டெமான்ஸ்ட்ரேட்டர் வந்தார். செடி செடியாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டே போனவர், புடவை போர்த்திய செடியில் நின்றார். அதில் மட்டும் பேன் அத்தனையும் வெள்ளை வெள்ளையாகச் செத்துக் கிடந்தது. நுனியில் புதுத் தளிர்கூட விட்டிருந்தது.

அவர் பக்கத்துச் செடியின் கோணியை எடுத்து மோந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கந்தகம் என்றார்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ! “அலசச் சொன்னேனே! படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! காது கேக்கலையா உனக்கு?” என்று அவள் அப்பாவுக்கு எதிரே கத்தினேன். குற்றம் என் தலையில் விழுந்துவிடப் போகிறதே என்ற பயம்தான், வேறொன்றுமில்லை. இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு அது நியாயம் என்று பட்டது.

அவள் கையிலிருந்த கோணியை மடித்துக்கொண்டே நின்றாள். டெமான்ஸ்ட்ரேட்டர், அந்த ஒரு செடியை வைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கலாமே என்றார். முனுசாமி காய்ந்த மொட்டு ஒன்றை விரலில் உருட்டிக்கொண்டே, “ஆடி பூட்ச்சே, நைனா” என்றார். அவரிடம் அல்ல, என்னிடம்.

அதற்குப் பிறகு நான் தோட்டத்துப் பக்கம் போகவில்லை. ஸ்டேஷனுக்கு வேறு தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போனேன். தினமும் இன்று போகலாம் என்று கிளம்புவேன். தினமும் சுற்று வழி. உங்களில் எத்தனை பேர் இப்படிச் சுற்று வழியில் நடந்திருப்பீர்கள், எனக்குத் தெரியாது. நடந்தவர்களுக்கு நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

ஆவணியில் ரங்கூன் கப்பல். டெக் பாசஞ்சர்கள் மூட்டை முடிச்சோடு வரிசையில் நின்றார்கள். எனக்கு அடுத்த ஷெட்டில் டியூட்டி. நோட்டைக் கூட்டாளியிடம் கொடுத்துவிட்டு ஓடினேன். முனுசாமி என் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு டிக்கெட்டைக் காட்ட முன்னால் போனார். அவர் முகத்தில் கோபமே இல்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

கன்னியம்மா துணி மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். கத்தியதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் வந்தேன். ஆனால் கேட்டது வேறு. ஏன் அலசவில்லை என்று கேட்டேன். தோட்டத்தில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அங்கே கத்தினேன், இங்கே கேட்டேன்.

அவள் கப்பலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “தூளுதான் ஆகாதுன்னாரு அவரு. தூளு போக அடிச்சு அடிச்சுத் தட்டிட்டேன். தண்ணில கசக்கினா உன் வாசனை பூடுமேன்னுதான் அலசல.”

அவள் என்னை நீ என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

என் மூக்குக்குத் தெரியாமல் போன வாசனை. ரயிலில் ஊரே எழுந்து ஓடிய வாசனை. அதை அவள் என்னுடையது என்று வைத்திருந்தாள். வரிசை நகர்ந்தது. பின்னால் நின்ற அம்மாள், வழியில் நிற்காதே என்று என்னை நகர்த்தினாள். நகர்ந்தேன். நகர்த்தினால் நகர்கிறவன்தானே நான்.

எழுதக்கூடாதா என்று கேட்பீர்கள். எழுதினேன். ஆனால் அவளுக்குப் படிக்கத் தெரியாது. கடிதம் அண்ணன் கைக்குப் போகும், அண்ணன்தான் உரக்கப் படித்துக் காட்டுவான். அண்ணன் உரக்கப் படிக்கிற கடிதத்தில் ஒருவன் என்னத்தை எழுதுவது? பூசணத்தைப் பற்றி எழுதினேன். பேனைப் பற்றி எழுதினேன். புடவைச் செடி நிறையப் பூத்திருக்கிறது என்று எழுதினேன். நான்கு கடிதம். உலகத்தில் யாராவது பேன் பேன் என்று காதல் கடிதம் எழுதியிருக்கிறார்களா? நான் எழுதியிருக்கிறேன்.

தை மாதம் தங்கை கல்யாணம் முடிந்தது. மாசியில் ரங்கூனிலிருந்து ஒரு கார்டு வந்தது. அண்ணன் கையெழுத்து. எல்லாரும் சௌக்கியம் என்று எழுதிவிட்டுக் கடைசியில் எழுதியிருந்தான்:

“கன்னியம்மா தங்களிடம் ஒரு ஹார்பர் கோணி கேட்கச் சொல்லுகிறாள். இங்கே மில்லில் கோணி மலையாய்க் கிடக்கிறது, சொன்னால் கேட்கவில்லை. அலச வேண்டாம், அப்படியே அனுப்பவும் என்கிறாள். எதற்கென்று சொல்ல மாட்டேன் என்கிறாள். சிரமத்திற்கு மன்னிக்கவும்.”

கார்டை எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை. சந்தோஷத்தில் அன்று சாப்பிடக்கூட இல்லை. மறுநாளே கந்தகக் கோணி ஒன்றைத் தேடிப் பிடித்தேன். அலசவில்லை. நான்காக மடித்து, துணியில் வைத்துத் தைத்து, மேலே விலாசத்தை நிறுத்தி அழகாக எழுதினேன். அடுத்த செவ்வாய்க்கிழமை ரங்கூன் கப்பல் இருந்தது. எனக்கு லீவும் பாக்கி இருந்தது. தங்கை கல்யாணமும் முடிந்திருந்தது.

அதற்குப் பிறகு அங்கிருந்து ஒரு வரி வரவில்லை. வருஷம் ஆக ஆக நானும் எழுதுவதை விட்டுவிட்டேன். அவள் எங்கேயோ நன்றாக இருப்பாள். இருக்க வேண்டும். ஆனால் இன்றைக்கும் ரங்கூன் கப்பல் சங்கு ஊதினால் கையிலிருக்கும் பேனா நின்றுவிடுகிறது. அவளைப் பார்க்க வேண்டும் போல் இருக்கிறது, அவ்வளவுதான். இதைச் சொல்ல வெட்கப்பட்டுப் பதிமூன்று வருஷம் போயிற்று.

கோணியை நானே எடுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும் - பார்சலில் அனுப்பினேன்.